காதில் விழுந்ததற்கும் புரிந்ததற்கும் நடுவே

என் தங்கை வீட்டுச் சமையலறையில் மிக்சி ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தாமலே அவள் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: "கண்ணா, மாடில காயிற துணியெல்லாம் எடுத்துட்டு, வரும்போது மோட்டார ஆஃப் பண்ணிட்டு வா." பதினான்கு வயது மகன் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "என்னம்மா?" என்கிறான். அவள் மிக்சியை அணைத்துவிட்டு, சொன்னதையே சற்று உரக்கச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் எழுந்து மாடிப்படியில் பாதி ஏறிவிட்டான். திரும்பி வரும்போது கை நிறையத் துணி இருந்தது, மோட்டாரும் நின்றிருந்தது. யாரும் இரண்டாம் முறை எதுவும் சொல்லவில்லை.

"கேட்டுச்சுல்ல, அப்புறம் எதுக்கு என்னம்மாங்கிற?" என்று அவனிடம் கேட்காதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. நானும் கேட்டிருக்கிறேன். அவனுக்கு ஆட்டிசம் இருப்பது ஆறு வயதிலேயே உறுதியாகிவிட்டது என்றாலும், இந்தக் கேள்விக்கு அவன் பதில் சொன்னது போன வருடம்தான்: "அம்மா சொன்னது முதல்ல சத்தமாத்தான் வந்துச்சு பெரியம்மா. கொஞ்சம் கழிச்சுத்தான் வார்த்தையா மாறுச்சு." இதைப் பற்றி அதன் பிறகு நான் படித்தவை எல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு எழுதிய உரை போலவே எனக்குத் தோன்றின.

ஒலி காதில் விழுவதில் எந்தக் குறையும் இல்லாமல், விழுந்த ஒலி சொல்லாகவும் சொல் பொருளாகவும் மாறுவதற்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் பிடிப்பதைச் செவிவழிச் செயலாக்கத் தாமதம் எனலாம். ஆட்டிசம், கவனம் நிலைப்பதில் சிரமம் தரும் ஏ.டி.எச்.டி., வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா என்று மூளை வேறு விதமாக இயங்குவோரில், அதாவது இன்று நியூரோடைவர்ஜென்ட் என்று அழைக்கப்படுவோரில், பலர் இதைத் தங்கள் அன்றாட அனுபவமாகச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் இது இருப்பதில்லை. இருப்பவர்களுக்கும் எல்லா நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில், அமைதியான அறையில், பழகிய குரலோடு தடையில்லாமல் உரையாடும் ஒருவர் மாலையில் பேருந்து நிலைய இரைச்சலில் அதே குரலைப் பிடிக்க முடியாமல் திணறலாம். 'நேத்து நல்லாத்தானே பேசினே, இன்னைக்கு என்ன நடிப்பு?' என்ற சந்தேகம் பிறப்பது இந்த ஏற்ற இறக்கத்தினால்தான்.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் ஒரு தனிச் சிக்கல் இருப்பதாக நினைக்கிறேன். 'கேள்' என்ற ஒரே வினைதான் நமக்கு ஒலி செவியில் படுவதற்கும், கவனிப்பதற்கும், வினவுவதற்கும், கீழ்ப்படிவதற்கும் பயன்படுகிறது. 'சொல் பேச்சு கேட்கிற பிள்ளை' என்றால் காது நன்றாக இருக்கிற பிள்ளை என்று யாரும் பொருள் கொள்வதில்லை. சொன்ன உடனே அசையாத குழந்தையைப் பார்த்ததும் நம் வாயில் வருகிற வசைகளிலும் இதே குழப்பம்தான்: 'காது கேக்கலையா?' என்பதும் 'சொன்னா கேக்க மாட்டியா?' என்பதும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. முதலாவது உடற்குறையைச் சொல்கிறது, இரண்டாவது அடங்காமையைச் சொல்கிறது. குழந்தைக்கு இருப்பது இரண்டுமே இல்லை. அதற்கு வேண்டியது நான்கைந்து நொடி அவகாசம். மூன்றாவதாக ஒரு சொல்லும் உண்டு. ஸ்டார்ட்டர் கண்சிமிட்டி, சோக் முனகி, சற்று நேரம் கழித்து எரிகிற பழைய குழல்விளக்கை வைத்து உண்டான 'டியூப்லைட்' என்ற பட்டம், வகுப்புக்கு ஒரு பிள்ளைக்காவது ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பட்டத்தோடு பள்ளிப் படிப்பை முடித்த எத்தனை பேர் தங்களை மந்தமானவர்கள் என்றே நம்பி வாழ்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பெற்றோர் முதலில் செய்வது காது பரிசோதனை. அது சரியான முதல் படிதான். உண்மையிலேயே செவித்திறன் குறைந்திருக்கிறதா என்பதை எப்படியும் பார்த்தாக வேண்டும். ஆனால் அந்தப் பரிசோதனை எதை அளக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒலி புகாத சிறிய அறையில் குழந்தையை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அலைவரிசையிலும் ஒற்றைத் தொனியை ஒலிக்கவிட்டு, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். அங்கே பின்னணி இரைச்சல் இல்லை, பேச்சு இல்லை, வாக்கியம் இல்லை. ஒரு தொனி முடிந்து பதில் வந்த பிறகுதான் அடுத்தது. அன்றாட வாழ்வில் இந்தக் குழந்தையைத் திணறடிக்கும் ஒவ்வொன்றும் அந்த அறையிலிருந்து கவனமாக அகற்றப்பட்டிருக்கிறது. 'இரு காதுகளிலும் கேட்கும் திறன் இயல்பாக உள்ளது' என்ற அறிக்கை முற்றிலும் உண்மை. அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டுதான், 'டாக்டரே சொல்லிட்டார், காதுல ஒண்ணும் இல்ல, எல்லாம் திமிரு' என்ற முடிவுக்கு வீடுகள் வந்துவிடுகின்றன.

செவிமடல் வழியாகப் புகுந்த ஒலி உட்காதிலுள்ள நத்தை எலும்பில் மின்துடிப்பாக மாறி, செவி நரம்பு வழியே மூளைத்தண்டை ஏறிக் கடக்கப் பத்து மில்லிநொடிகூட ஆவதில்லை. நம் மருத்துவமனைகளில் 'பெரா டெஸ்ட்' என்று வழங்கும் பரிசோதனை அளப்பது இந்தப் பத்து மில்லிநொடிப் பயணத்தைத்தான். அங்கிருந்து மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் வழியாகப் பொட்டு மடலில் இருக்கிற செவிப் புறணியை அடைந்து, ஏறத்தாழ 100 மில்லிநொடியில் அங்கே தெளிவான ஒரு மறுவினையை எழுப்புகிறது. ஒரு சொல் வாக்கியத்தின் பொருளோடு பொருந்துகிறதா என்று மூளை பார்த்துக்கொள்வதன் தடயம் 400 மில்லிநொடி வாக்கில் தெரிகிறது. இதை 1980இல் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இருவர் கண்டறிந்தார்கள். ஆகக் கேட்பது என்பது ஒரு நொடிப்பொழுதில் நடந்து முடிகிற நிகழ்ச்சி அல்ல. யாருக்குமே அது வரிசையாகப் பல கட்டங்களைத் தாண்டி வருவதுதான்.

இந்தப் பயணத்தில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு எங்கே நேரம் கூடுகிறது என்பதை அளந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது, அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் டிமத்தி ராபர்ட்ஸ் குழுவினர் 2010இல் வெளியிட்டது. மூளையின் மெல்லிய காந்தப்புலங்களை அளக்கும் கருவியைக் கொண்டு பார்த்தபோது, 100 மில்லிநொடியில் வரவேண்டிய அந்த மறுவினை ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வலது அரைக்கோளத்தில் சராசரியாக 11 மில்லிநொடி பிந்தி வந்தது. அதாவது நொடியில் நூறில் ஒரு பங்கு.

இந்த எண்ணைக் கண்டவுடன் 'காரணம் கிடைத்துவிட்டது' என்று துள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. என் தங்கை மகன் அம்மா சொன்னதைப் பிடிக்க எடுத்துக்கொண்டது மூன்று நான்கு நொடி; பதினொரு மில்லிநொடியை அதோடு ஒப்பிட்டால் முந்நூறில் ஒரு பங்குதான் வரும். பிந்திப்போன முதல் துடிப்பு ஒன்றே இவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்கிவிடாது. ஆனால் பேச்சு என்பது ஒற்றைத் தொனி அல்ல என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இயல்பான பேச்சில் நொடிக்கு நான்கைந்து அசைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் முந்தையதைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு அசையிலும் சிறிது மங்கல் ஏற்பட்டால், சொல் எது என்ற முடிவைத் தள்ளிப்போட்டு, அடுத்துவரும் சொற்களை வைத்துப் பின்னோக்கி ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகத்துக்கு நேரமும் நினைவாற்றலும் செலவாகின்றன. பிந்துவது முழுவதும் காதுக்கு அருகில் நடப்பதல்ல. ஒலியைப் பகுப்பது, வேண்டாத ஒலியை ஒதுக்குவது, சொற்களைக் கோப்பது, பொருளை எடுப்பது, பதிலைத் தொடுப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

வேண்டாத ஒலியை ஒதுக்குவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தின் நடுவே ஒருவர் பேச்சை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி என்ற கேள்வியை 1953இல் காலின் செர்ரி என்ற பிரிட்டன் அறிவியலாளர் எழுப்பினார். பெரும்பாலோர் இரைச்சல் ஒரு கணம் தணிகிற சந்துகளில் பேச்சைத் துணுக்குத் துணுக்காகப் பொறுக்கி முழு வாக்கியத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஆட்டிசம் உடையவர்களுக்கு இந்தச் சந்துகளைப் பயன்படுத்திக்கொள்வது கடினமாக இருப்பதை 2004இல் ஹோசே அல்காந்தாராவும் அவருடைய கேம்பிரிட்ஜ் குழுவினரும் காட்டினார்கள். மிக்சி ஓடுகிற வீட்டில், தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கும் வகுப்பறையில், வெளியே தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டே போகும் வண்டிகளுக்கு நடுவில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

கண்ணும் இதில் சேர்ந்துகொள்கிறது. பேசுகிறவரின் உதட்டசைவும் ஒலியும் ஒரே நிகழ்ச்சி என்று மூளை முடிவு செய்வதற்கு ஒரு கால இடைவெளி இருக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பேச்சைப் பொறுத்தவரை அந்த இடைவெளி அகன்றிருப்பதாக, அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் வாலஸ் குழுவினர் 2014இல் கண்டார்கள். சரியாகப் பொருந்தாத டப்பிங் படத்தை நாள் முழுவதும் பார்ப்பதைப் போன்றது அது. பேசும்போது முகத்தைப் பாராமல் தரையைப் பார்க்கிற பிள்ளைகளில் சிலர் கவனிக்காமல் இருப்பதற்காக அல்ல, கவனிப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். 'என் மூஞ்சியப் பாத்துப் பேசு' என்று முகவாயைத் தூக்கிவிடுகிறவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைக்க வேண்டும்.

ஏ.டி.எச்.டி. உடையவர்களிடம் நடப்பது சற்று வேறு மாதிரி. அவர்களில் பலருக்குக் கவனம் வந்து சேர்வதற்குள் வாக்கியத்தின் தலைப்பகுதி போய்விடுகிறது; காதில் இன்னும் தங்கியிருக்கும் எதிரொலியைப் பிடித்து, விட்டுப்போன தலையை மீட்க வேண்டியிருக்கிறது. செவிவழிச் செயலாக்கக் குறைபாடு என்ற தனிப் பெயரைப் பற்றி செவியியல் துறைக்குள் நெடுங்காலமாக நடக்கும் விவாதமும் இங்கேதான் வந்து நிற்கிறது. அமெரிக்கப் பேச்சு மொழி செவித்துறைச் சங்கம் 2005இல் வெளியிட்ட அறிக்கை இதை நரம்பு மண்டலம் ஒலியைக் கையாள்வதில் உள்ள தனிக் குறையாக வரையறுத்தது. பிரிட்டனின் டேவிட் மூர் குழுவினரோ 6 முதல் 11 வயது வரையுள்ள 1,469 பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து 2010இல் வேறு முடிவுக்கு வந்தார்கள்: கேட்பதில் குழந்தைக்கு இருக்கும் சிரமத்தை, ஒலியைப் பகுக்கும் திறனைவிடக் கவனத்தின் ஏற்ற இறக்கமே நன்றாகக் காட்டிக்கொடுத்தது. மனநல மருத்துவர்கள் பின்பற்றும் டி.எஸ்.எம். கையேட்டின் ஐந்தாம் பதிப்பிலும் இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆட்டிசத்தின் கீழ் புலன்சார்ந்த மறுவினைகளின் வேறுபாடு மட்டும் ஓர் அடையாளமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. காதா, கவனமா, மொழியா என்ற வழக்கு ஆய்வாளர்களுக்கு முக்கியம். சமையலறை வாசலில் நிற்கிற பிள்ளைக்கு மூன்றிலும் வேண்டியது ஒன்றுதான், நேரம்.

அந்த நேரத்தைத்தான் மனித உரையாடல் கொடுப்பதில்லை. 2009இல் பத்து மொழிகளின் உரையாடல்களைப் பதிவுசெய்து ஒப்பிட்ட ஆய்வொன்றில், ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையிலுள்ள சராசரி இடைவெளி 200 மில்லிநொடி வாக்கில் இருந்தது. மிக நிதானமானது என்று கண்ட டேனிஷ் மொழியில்கூட அரை நொடியை எட்டவில்லை. ஒரே ஒரு சொல்லைச் சொல்வதற்கு மூளை ஆயத்தமாகவே அறுநூறு மில்லிநொடி ஆகிறது என்பதால், நாம் எல்லோரும் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே முடிவை ஊகித்துப் பதிலைத் தயாரிக்கிறோம் என்பது தெளிவு. அந்த ஊகம் பிந்துகிறவருக்கு ஒரு நொடி மௌனமே பெரிய குற்றமாகிவிடுகிறது. எதிரில் இருப்பவர் அதைத் தயக்கம், விருப்பமின்மை, பொய் சொல்வதற்கான யோசனை என்று படிக்கிறார். நேர்முகத் தேர்விலும் காவல் நிலையத்திலும் அப்படிப் படிக்கப்படுவதன் விலை மிகப் பெரியது.

தமிழ் வாக்கியத்தின் அமைப்பையும் இங்கே பார்க்க வேண்டும். நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. உண்டா இல்லையா, செய்யலாமா கூடாதா என்பதும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. 'இந்த மருந்தை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கக் கூடாது' என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிவிட்டு, அதே மூச்சில் அடுத்த மருந்தைப் பற்றித் தொடங்கினால், இரண்டு நொடி பின்னால் வந்துகொண்டிருக்கும் செவிக்கு 'குடிக்க' வரை வந்து, 'கூடாது' அடுத்த வாக்கியத்தின் அடியில் புதைந்துபோகலாம். அதோடு நாம் ஏவல்களை வினையெச்சச் சங்கிலியாகவே தொடுக்கிறோம். 'எடுத்துட்டு, மடிச்சு வச்சுட்டு, கதவச் சாத்திட்டு, வா' என்பதில் வேலை நான்கு, முற்றோ ஒன்று. அந்த 'வா' வந்து சேரும்வரை முந்தைய மூன்றையும் மனத்தில் அந்தரத்தில் வைத்திருக்க வேண்டும். நம் எழுத்துகளை வேறுபடுத்துவதும் காலம்தான்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணம் வகுத்து, கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் அதற்கு அளவாக வைத்தது. 'கல்' என்பதும் 'கால்' என்பதும், 'படு' என்பதும் 'பட்டு' என்பதும் மில்லிநொடிக் கணக்கில் பிரிகிற சொற்கள். காலத்தை நுணுக்கமாகப் பிரிக்கச் சிரமப்படும் செவிக்கு வேகமாகப் பேசப்படும் தமிழ் எவ்வளவு வேலை வைக்கிறது என்பதை நம் மொழியியலாளர்கள் விரிவாக ஆராய வேண்டும் என்பது என் ஆசை.

இனி 'என்ன?' என்ற அந்தக் கேள்விக்கு வருவோம். ஒலி கடந்துபோன பிறகும் அதன் எதிரொலி சில நொடி மூளையில் தங்கியிருக்கிறது. உளவியலாளர் உல்ரிக் நைசர் 1967இல் இதற்கு எதிரொலி நினைவு என்று பெயரிட்டார். 'என்னம்மா?' என்று வாய் கேட்கும்போது, மூளை அந்த எதிரொலியின் மீதுதான் வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தச் சொல் பெரும்பாலும் தன்னியல்பாக வருவது. எதிரில் இருப்பவர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்ற நெருக்குதலில், இடைவெளியை நிரப்ப வாய் உதிர்ப்பது. அது 'திரும்பச் சொல்' என்ற வேண்டுகோளாக நமக்குக் கேட்கிறது. நாம் திரும்பச் சொல்கிறோம். பாதி முடிந்த வேலையின் மேல் புதிய ஒலி வந்து விழுகிறது, எதிரொலி அழிகிறது, எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பொறுமை இழந்து சொற்களை மாற்றிச் சொன்னால் இன்னும் மோசம், ஏனென்றால் முதலில் வந்த சொற்களுக்குச் செய்த வேலை எதற்கும் உதவாமல் போகிறது. காது மந்தமான பாட்டியிடம் ஒரு சொல் புரியாவிட்டால் வேறு சொல்லால் சொல்வது நல்ல வழி. அவருக்கு அந்தக் குறிப்பிட்ட ஒலி எட்டவில்லை என்பதுதான் சிக்கல். செயலாக்கம் பிந்துகிற பேரனுக்கோ அதே சொற்களை, அதே வரிசையில், அதே தொனியில் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் இருவருக்கும் எதிரெதிரான வழிகள் வேண்டியிருக்கின்றன. பிரிட்டனில் ஆட்டிசக் குழந்தைகளோடு பணியாற்றுவோர் 'ஆறு நொடி விதி' என்று ஒன்றைச் சொல்வதுண்டு: சொல், ஆறு நொடி பொறு, வேண்டுமானால் அதே சொற்களில் மறுபடி சொல். ஆறு நொடி எவ்வளவு நீளம் என்பது வாயைத் திறக்காமல் ஒருமுறை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு முதல் நாள் மூன்றுக்கு மேல் முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பொறுமையின் அளவு எவ்வளவு என்பதும் அளக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள் அல்லது வேறொரு மாணவரை எழுப்பினார்கள். அந்தக் காத்திருப்பை மூன்று நொடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்ற பதில் குறைந்தது, அதுவரை வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். இவை பொது வகுப்பறையில் எல்லா மாணவர்களிடமும் கண்ட மாற்றங்கள்.

எங்கள் பிள்ளை படித்த முந்தைய பள்ளியில் வாய்மொழித் தேர்வு ஒன்றில் அவனுக்குப் பத்துக்கு இரண்டு மதிப்பெண் கிடைத்தது. எழுத்துத் தேர்வில் அதே பாடத்தில் வகுப்பிலேயே முதல் ஐந்து இடத்துக்குள் இருந்தவன். கேள்வி கேட்டு, இரண்டு நொடி பார்த்து, 'நெக்ஸ்ட்' என்று போய்விட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் உரிய பதில் அடுத்த கேள்வி வரும்போதுதான் அவன் வாயருகே வந்திருக்கிறது. மூன்றாம் கேள்விக்கு இரண்டாம் கேள்வியின் பதிலைச் சொல்லியிருக்கிறான். தப்பும் தவறுமாக உளறுகிறான் என்று குறிப்பெழுதினார்கள். விடைகளை ஒரு வரிசை மேலே நகர்த்திப் பார்த்திருந்தால் பெரும்பாலானவை சரி.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றில் உண்டு, செவிவழிச் செயலாக்கக் குறைபாடு தனியாக இல்லை. நியாயமான வசதி செய்து தருதல் என்ற கருத்தையும் அந்தச் சட்டம் வரையறுத்துச் சொல்கிறது. தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறியது. அது பெரிய உதவிதான். ஆனால் அந்த வழிகாட்டுதலின் தலைப்பே எழுத்துத் தேர்வைப் பற்றியது. எழுத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். காற்றில் போன கேள்வியைத் திரும்பப் பிடிக்க முடியாது. யாருக்கு நேரம் மிகவும் தேவையோ அந்த வாய்மொழித் தேர்வில்தான் நேரத்தைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. கேள்விகளைச் சிறு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு வாயாலும் கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. இப்போதைய பள்ளியில் ஓர் ஆசிரியை, யாரும் கேட்காமலே, அதைச் செய்கிறார்.

சிகிச்சை என்ற பெயரில் விற்கப்படுபவற்றைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியவில்லை. பிரான்ஸ் மருத்துவர் கி பெரார் உருவாக்கிய, அலைவரிசைகளை வடிகட்டிய இசையைக் குறிப்பிட்ட நாள்கள் கேட்கவைக்கும் பயிற்சி, அறிவியல் தரங்களை எட்டவில்லை என்று மேலே சொன்ன அமெரிக்கச் சங்கம் 2004இலேயே அறிவித்துவிட்டது. பேச்சொலிகளைக் கணினியில் மெதுவாக்கிக் கேட்கவைத்துப் படிப்படியாக வேகப்படுத்தும் பயிற்சிக்கு, 1973இல் போலா டல்லாலும் மால்கம் பியர்சியும் மொழிச் சிக்கல் உள்ள குழந்தைகளிடம் கண்டறிந்த ஒரு நல்ல அறிவியல் கண்டுபிடிப்பு அடித்தளமாக இருந்தது. வேகமாக அடுத்தடுத்து வரும் ஒலிகளின் வரிசையைப் பிரிப்பது அக்குழந்தைகளுக்குக் கடினமாக இருந்தது உண்மை. ஆயினும் அந்தப் பயிற்சி வாசிப்பையோ வாய்மொழித் திறனையோ உயர்த்துவதற்குச் சான்றில்லை என்று, 2011இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் முடிவு சொன்னார்கள். நகையை அடகு வைத்து இவற்றுக்குப் பணம் கட்டிய பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. 'சரிசெய்துவிடலாம்' என்ற சொல்லுக்கு அவர்கள் எவ்வளவு ஏங்கியிருந்தார்கள் என்பது தெரியும்.

உதவுகிறவை பெரும்பாலும் குழந்தையை மாற்றுவதைவிடச் சூழலை மாற்றுகின்றன. ஆசிரியர் சட்டையில் ஒரு சிறு மைக்கும் குழந்தையின் காதில் ஒரு ரிசீவரும் வைத்து, ஆசிரியர் குரலை இரைச்சலுக்கு மேல் தூக்கித் தரும் கருவி ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கேட்டலை மேம்படுத்துவதை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் கேரி ரான்ஸ் குழுவினர் 2014இல் காட்டினார்கள். அமெரிக்க வகுப்பறைத் தரம் ஆளில்லாத வகுப்பில் 35 டெசிபலுக்கு மேல் இரைச்சலும் 0.6 நொடிக்கு மேல் எதிரொலியும் கூடாது என்கிறது. நம் வகுப்பறைகளின் கான்கிரீட் கூரையும் வெற்றுச் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. பின்சுவரில் ஒரு துணிப்பலகை மாட்டினால்கூடக் கொஞ்சம் குறையும். பெரியவர்களுக்குத் திரையில் ஓடும் எழுத்து பெரிய துணை. தாய்மொழிப் படத்தையும் சப்டைட்டில் போட்டுப் பார்க்கிறவர்கள், போன் வந்தால் எடுக்காமல் 'மெசேஜ் பண்ணுங்க' என்கிறவர்கள், கூட்டம் முடிந்ததும் 'பேசினதை ஒரு மெயில்ல போட முடியுமா?' என்று கேட்கிறவர்கள் ஆகியோரில் பலர் இந்த இடைவெளியைத் தாங்களாகவே கடந்துகொண்டிருப்பவர்கள். போனில் முகமும் இல்லை, பல நேரம் ஒலியின் மேல் அலைவரிசைகளும் வந்து சேர்வதில்லை. அதைத் தவிர்ப்பதை அகந்தை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெளியில் தெரியாத இன்னொன்றும் உண்டு. புரியாமலே 'சரி' என்று தலையாட்டுவது. மூன்று முறை 'என்ன?' கேட்டு ஏச்சு வாங்கிய குழந்தை நான்காம் முறை கேட்பதில்லை. 'ம்' சொல்லிவிட்டு, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அதைச் செய்கிறது. நல்ல ஊகக்காரர்களாக வளர்ந்துவிடுகிறவர்களும் உண்டு. நாள் முழுவதும் இப்படி ஊகித்துக் கழித்தவர் மாலையில் யாரோடும் பேசாமல் அறைக் கதவைச் சாத்திக்கொள்வதை வீடு வெறுப்பு என்று நினைக்கிறது, அது களைப்பு.

என் தங்கை இப்போது மிக்சியை அணைத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறாள். முதலில் பெயர், அவன் அசைந்தால் மட்டும் அடுத்த சொல். "துணிய எடு." அவன் நகர்ந்த பிறகு, "மோட்டார ஆஃப் பண்ணு." சங்கிலியை அறுத்து முற்று முற்றாகச் சொல்கிறாள். இதைவிட நான் பெரிதாக நினைப்பது மகனுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித்தந்த ஒரு மாற்றுச் சொல்லை. 'என்ன?' என்ற சொல் எதிராளியைத் திரும்பப் பேசவைத்து வேலையைக் கெடுக்கிறது என்பதால், அந்த இடத்தில் சொல்வதற்கு வேறொன்றைப் பழக்கினார்கள். பல மாதம் ஆனது. போன வாரம் மருத்துவரிடம் போயிருந்தோம். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, வாந்தி உண்டா என்று அவர் மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்டார். அவன் கையைச் சற்றே உயர்த்தி, "இருங்க டாக்டர், வந்துட்டிருக்கு" என்றான். மருத்துவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஐந்து நொடி இருக்கும். பிறகு அவன் மூன்றுக்கும் வரிசையாகப் பதில் சொன்னான்.